நரிச்சொறியும் அறுபது நாளும்

காலையில் நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி நகவெட்டி அண்ணனைவிட அதிர்ஷ்டக்காரர் உலகத்திலேயே இருக்க முடியாது. முப்பத்தொரு வருஷமாக வேலைக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது நரி முகம்தான். என்ன, செத்த நரி. அதிலும் பாதிக்குக் கண்கூடத் திறந்திருக்காது. சொறி பிடித்து, பொருக்குத் தட்டி, இமை இரண்டும் ஒட்டிப்போயிருக்கும். அந்த முகத்தில் விழித்து அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்னவென்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

சம்பளச் சீட்டில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதை வாசித்ததில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நகவெட்டி இருக்கும். திங்களும் வியாழனும் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சதையோடு ஒட்ட வெட்டிக்கொள்வார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் விரலையும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். "நகத்துக்குள்ள ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணும். வாடகையும் தராது, காலியும் பண்ணாது," என்பார். அப்புறம் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அந்த இடம் காட்டு விலங்குகளின் நோயைக் கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூடம். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு தட்டைக் கட்டடம், மொத்தமே நாலு அறை. ஒன்றில் டாக்டரம்மா, ஒன்றில் நுண்ணோக்கி, ஒன்றில் அறுத்துப் பார்க்கிற இரும்பு மேஜை, கடைசியில் குளிர் அறை. பின்பக்கம் எரிக்கிற உலை. காட்டிலோ சாலையிலோ மிருகம் செத்துக் கிடந்தால் சாக்கில் கட்டி இங்கே கொண்டுவருவார்கள். ஏன் செத்தது என்று இவர்கள் எழுதித் தர வேண்டும். காட்டாடு வரும், பன்றி வரும். ஆனால் அதிகம் வருவது நரிதான், நரிக்கு அதிகம் வருவது சொறிதான்.

அவர் இதற்குப் படித்தவர் இல்லை. இருபத்தேழு வயது வரைக்கும் தையல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து டாக்டருக்கு வெட்டவும் தைக்கவும் கை நடுங்காத ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. கால்சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர் தையல்காரரையே கூட்டிக்கொண்டு போய்விட்டார். துணிக்கும் தோலுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துத்தான் இவரும் போனார். முதல் வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஏழாம் வாரம் மேஜைக்கு முதுகைக் காட்டியபடி டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார்.

தையல்காரப் புத்தி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அறுத்துப் பார்த்து முடித்த உடம்பை எல்லா இடத்திலும் அப்படியே பையில் போட்டு உலைக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் அனுப்ப மாட்டார். கழுத்திலிருந்து அடிவயிறு வரைக்கும் நெருக்கமாகத் தையல் போட்டு மூடின பிறகுதான் மேஜையை விட்டு நகர்வார். "எரியப்போற உடம்புக்குத் தையல் எதுக்கு அண்ணே?" என்று கேட்காத ஆள் கிடையாது. "திறந்தவன்தான் மூடணும்," என்பார் அவர். ரொம்பப் பெருமையாகச் சொல்வார்.

இன்னொரு சட்டமும் அவர் போட்டதுதான். குளிர் அறைக் கதவில் சிவப்புப் பெயின்ட்டில் அவரே எழுதிவைத்திருந்தார்: ஆறாத உடம்பைத் தொடாதே. காரணம் இருக்கிறது. சொறிப்பூச்சி ஊசி முனையைவிடச் சின்னது. தோலுக்குள் சுரங்கம் தோண்டி, முட்டை வைத்து, அங்கேயே ஊரைக் கட்டிவிடும். மிருகம் செத்து உடம்பு ஆற ஆரம்பித்ததும் பூச்சி வெளியே வந்து அடுத்த சூட்டைத் தேடும். "வீடு இடிஞ்சா குடியிருக்கிறவன் சும்மா இருப்பானா? பக்கத்து வீட்டுத் திண்டாட்டம் பாக்காம கதவத் தட்டத்தான் செய்வான்," என்று புதியவர்களுக்கு விளக்குவார். அதனால் வந்த சாக்கு எதுவும் பிரிக்கப்படாமல் இரண்டு நாள் குளிரில் கிடக்க வேண்டும். பூச்சி செத்த பிறகுதான் கத்தி.

வெளியூர் அலுவலகங்களிலிருந்து சில சமயம் "சாவுக்குக் காரணம்: சொறி" என்று ஒற்றை வரியில் எழுதி வரும். அதைப் பார்த்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பூச்சி நேராகக் கொல்லாது. அரிப்பில் மிருகம் தன்னையே பிறாண்டும், மயிர் கொட்டும், தோல் தடித்து வெடிக்கும். வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து ரத்தத்தில் சீழ் கலக்கும். மயிர் இல்லாததால் குளிர் தாங்காது, கண் மூடிப்போனதால் இரை பிடிக்க முடியாது. பட்டப்பகலில் தெருவில் குப்பையைத் தேடி வரும், பைத்தியம் பிடித்த நரி என்று மனுஷன் கல்லால் அடிப்பான். "சொறிங்கிறது வாசக்கதவு. உசுரு போறது உள் அறையில. உள்ள போய்ப் பாக்காம வாசல்லயே நின்னுக்கிட்டு காரணம் எழுதுறான் பாரு," என்று திட்டுவார்.

இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கும் வருஷத்துக்கு நாலைந்து தடவை அரிப்பு வரத்தான் செய்யும். கையுறை கிழியும், சாக்கு முன்கையில் உரசும், அவ்வளவு போதும். மனைவி இருந்த காலத்தில் அவர் துணியைத் தனிப் பானையில் வேகவைப்பாள். "உங்களுக்கு நரிதான் மூத்த தாரம். நான் இளைய தாரம்தான், சரி, என்ன பண்றது," என்று சொல்லிக்கொண்டே கிண்டுவாள். அவள் செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. இதயக்கோளாறு. ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாம் நாள், ஒரு மத்தியான வேளையில் போனாள். பக்கத்தில் பதினேழு வயது மகள் மட்டும்தான். மகள் ஆய்வுக்கூடத்துக்குப் போன் பண்ணினாள், அவர் வேலையில் இருந்தார், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா ஏன் தாமதம் என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி ஒரு ஊரில் கல்யாணமாகிக் குடியேறினாள். அவர் அலுவலகக் குடியிருப்பில் இரண்டு அறையில் தனியாக இருந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவி வைத்தால் அடுத்த வேளைக்கு அதே தட்டு, அதே டம்ளர். தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பழகவில்லை. சாயங்காலம் வீடு திரும்பினால் விளக்கைப் போட்டுவிட்டு, "வந்துட்டேன்," என்பார். யாரிடம் என்று கேட்டால் அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் போய்ப் பார்த்தார். அரை மணி நேரம் குழந்தை அவர் மடியில் தூங்கியது. கை மரத்துப்போயும் அசைக்கவில்லை. அவர் ஊர் திரும்பின மூன்றாம் நாள் குழந்தை முதுகில் சிவப்பாக நாலு புள்ளி. அதே சமயம் அவர் முன்கையிலும் அரிப்பு. வேர்க்குருவாக இருந்தாலும் இருக்கும். ஆனால் மகளின் மாமியார் விடுவாளா? மெத்தையைத் தூக்கி வெளியே போட்டாள், தலையணையைப் போட்டாள், சம்பந்தி உட்கார்ந்த நாற்காலியைக்கூட வெயிலில் போட்டாள். குழந்தையின் புள்ளி ஒரே வாரத்தில் மறைந்தது. மகள் போனில் சொன்னாள்:

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. அரிப்பு சுத்தமா நின்னு அறுபது நாள் ஆகட்டும். அப்புறம் வாங்க."

"அதுக்கென்னம்மா. குழந்தை விஷயம். அறுபதுன்னா அறுபது," என்றார்.

அன்றிலிருந்து சுவரில் நாட்காட்டி, கையில் பென்சில். அரிப்பில்லாத நாளுக்கு ஒரு கோடு. பத்தொன்பதாம் நாள் ஒரு காட்டாட்டுச் சாக்கு உரசிக் கணக்கு உடைந்தது. மறுபடி ஒன்றிலிருந்து. முப்பத்துமூன்றாம் நாள் ஒரு கையுறை கிழிந்தது. மறுபடி ஒன்று. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மாவிடம் போய் நின்றார். அந்த அம்மா வயதில் அவரைவிட இருபது வருஷம் சின்னவள், வேலையில் பெரியவள். மேஜை வேலையிலிருந்து தன்னை எடுத்துவிட்டு நுண்ணோக்கிப் பக்கம் போடச் சொல்லிக் கேட்டார். காரணத்தையும் சொன்னார்.

"அறுபது நாளா?" என்றாள் டாக்டரம்மா. "அண்ணே, இது நரிப்பூச்சி. மனுஷ உடம்புல அது குடும்பம் நடத்தாது. மூணு வாரத்துல தானா செத்துப்போயிடும். ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுறதே அபூர்வம். நீங்கதானே எனக்கே இதச் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமாம்மா."

"அதை மகள்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்," என்று இழுத்தார். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் சொல்கிறேன். அரிப்பு ஒரு காரணமே இல்லை என்று அவர் நிரூபித்துவிட்டால் மகள், "அப்படின்னா வாங்கப்பா," என்றும் சொல்லலாம். "இருந்தாலும் வேணாம்பா," என்றும் சொல்லலாம். இரண்டாவதைக் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. அறுபது நாள் என்றால் எண்ணிவிடலாம், எண்ணிக்கொண்டிருக்கிற வரைக்கும் நம்பிக்கையோடு இருக்கலாம். நரியின் சாவுக்கு உள் அறை வரைக்கும் போய்ப் பார்க்கிற மனுஷன், தன் விஷயத்தில் வாசற்கதவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா மறுபேச்சுப் பேசாமல் வேலையை மாற்றிக் கொடுத்தாள். மேஜை வேலையை அவளே பார்த்துக்கொண்டாள். அவர் நுண்ணோக்கியில், தோல் சுரண்டித் தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துப் பூச்சி எண்ணிக்கொண்டு, வருகிற சாக்கை மட்டும் இரட்டைக் கையுறையோடு வாங்கிக் குளிர் அறையில் வைத்தார். நாட்காட்டியில் கோடு ஏறியது. முப்பது, நாற்பது, ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் போன் பண்ணுவாள். "அரிப்பு எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. அது கிட்டத்தட்ட சௌக்கியமா என்பது மாதிரி ஆகிவிட்டது. ஐம்பதாம் நாள் அவளே, "பாப்பா இப்ப உக்காரப் பழகுறாப்பா. நீங்க வரும்போது உக்காந்துடுவா," என்றாள். அடுத்த இரண்டு நாளும் அவர் விசிலடித்துக்கொண்டே நுண்ணோக்கி பார்த்தார். விசில் காது கொடுத்துக் கேட்கும்படி இருக்காது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐம்பத்துமூன்றாம் நாள் புதன்கிழமை. டாக்டரம்மா வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். பதினொரு மணி வாக்கில் வனக்காவலர் ஒரு சாக்கோடு வந்தார்.

"பள்ளிக்கூடத்து மதில் ஓரமா கெடந்துச்சு அண்ணே. பசங்க கல்லு விட்டுட்டு இருந்தானுங்க. நான் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"கையில பட்டுச்சா?"

"கம்பால தள்ளித்தான் சாக்குல விட்டேன். நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம இருந்தாச் சரி," என்று சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

நகவெட்டி சாக்கைத் தூக்கினார். கனமே இல்லை. உள்ளே எலும்பும் நாற்றமும்தான் இருக்க வேண்டும். சொறி முற்றின உடம்புக்கு ஈரத்துணியை ஒரு வாரம் மூட்டையில் கட்டிவைத்த மாதிரி ஒரு புளித்த வாடை உண்டு. குளிர் அறைத் தட்டில் வைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனார். அப்போது சாக்கின் வாயிலிருந்து லேசாக ஆவி வந்தது. முதலில் மூக்குக்கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி வந்தது. குளிரில் மூச்சு விட்டால் வருகிற ஆவி.

சாக்கோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினார்.

"நான் வர ரெண்டு மணி நேரம் ஆகும் அண்ணே. தோலுக்கு அடியில சலைன் குடுங்க. வெந்நீர் பாட்டில துணியில சுத்திப் பக்கத்துல வைங்க. பூச்சி மருந்து இப்ப வேண்டாம், உடம்பு தாங்காது. அப்புறம், அண்ணே, இதெல்லாம் செஞ்சுட்டுக் கூண்டச் சாத்திட்டு வெளிய வந்துடுங்க. உங்களுக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கு."

அந்த அம்மாவும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மேஜை அறை மூலையில் இருந்த கூண்டில் நரியை விட்டு, சொன்னபடியே செய்தார். பெட்டை நரி. முதுகில் ஒரு மயிர் இல்லை. தோல் காய்ந்த சேறு மாதிரி வெடித்து, வெடிப்பில் சீழ். கண் இரண்டும் மூடிப் பொருக்கு. சலைன் கொடுத்தார், வெந்நீர் பாட்டில் நாலு வைத்தார், கூண்டைச் சாத்தினார், வெளியே வந்து கையுறையை மாற்றிக்கொண்டு கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. நியாயமாகப் பார்த்தால் போய் நுண்ணோக்கியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நரி தலையைத் தூக்கியது. கண் தெரியாத தலை. இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது, தாழ்த்தியது, மறுபடி தூக்கித் திருப்பியது. மனைவி போன அன்றைக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் அவரிடம் ஒன்று சொல்லியிருந்தாள். கடைசியில் உங்க வீட்டம்மா கதவுப் பக்கமே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க சார் என்று. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டை மாற்றிப் போட்டுவிட்டார், கதவைப் பார்க்கப் படுக்க முடியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கூண்டைத் திறந்து கையுறைக் கையை நரியின் கழுத்தில் வைத்தார். நரி வெடுக்கென்று சுருங்கியது. ரப்பர் சில்லென்று இருந்திருக்கும். அவர் கையுறையைக் கழற்றினார். ஒன்றை, பிறகு இன்னொன்றை. வெறுங்கையை வைத்ததும் அது ஒடுங்கி அந்தக் கைக்குள் முகத்தை வைத்தது. அப்புறம் எதற்கு மிச்சம் மீதி? தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டார். குழந்தையின் கனம்கூட இல்லை.

"என்ன கண்ணு, குளுருதா?" என்றார். "சரி, சரி. இருக்கேன்."

மணி பன்னிரண்டு. வெளியே ஒரு லாரி பின்னுக்கு வந்தது, யாரோ "வரட்டும், வரட்டும்" என்று கத்தினார்கள். நரியின் மூச்சு வேகமாகி, விட்டு விட்டு வந்து, ஒன்றே கால் மணிக்கு நின்றது. சாகிற நேரத்தைக் குறிப்பது அவர் வேலை, அதனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த பிறகும் எழுந்திருக்கவில்லை. உடம்பு ஆறுவது கைக்குத் தெரிந்தது. இப்போது என்ன நடக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யாருமில்லை. சூட்டைத் தேடி ஒவ்வொன்றாகக் கிளம்பி அவரிடம் வந்துகொண்டிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா நரியை மேஜையில் போட்டுத் திறந்தாள். அவர் பக்கத்தில் நின்று எழுதினார். வயிற்றில் கொஞ்சம் புல்லும் ஒரு துண்டு பிளாஸ்டிக் பையும். கொழுப்பு என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. கழுத்து நெறிக்கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு. நுரையீரல் முழுக்கச் சீழ்ப்புள்ளி, சிறுநீரகம் வெளிறி வீங்கியிருந்தது.

"நீங்க என்ன பண்ணியிருந்தாலும் இது பிழைச்சிருக்காது அண்ணே," என்றவள், பேனா பிடித்திருந்த அவர் கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சிவப்புப் புள்ளி. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கே! ஊருக்குத்தான் உபதேசமா? கதவுல பெயின்ட் அடிச்சு எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

"மகள்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம்மா. நானே பேசிக்கிறேன்."

அவள் போன பிறகு அவர் ஊசியில் நூல் கோத்து நரியைத் தைக்க ஆரம்பித்தார். கை பழகின வேலை, பேச்சுக்கொடுத்துக்கொண்டே செய்வார். அன்றைக்குப் பாதியில் ஊசி நின்றது. தையலையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு மிச்சத்தையும் போட்டு முடித்தார்.

ஞாயிறு பத்து மணிக்குப் போன் வந்தது.

"அப்பா, அரிப்பு எப்படி இருக்கு? அடுத்த வாரம் அறுபது ஆகுதுல்ல? மாமிகிட்டகூடச் சொல்லிட்டேன்."

"இல்லம்மா. மறுபடி வந்துடுச்சு."

"எப்படி? இப்ப நரி பக்கமே போறதில்லன்னீங்களே?"

பொய் சொல்லியிருக்கலாம். சாக்கு உரசிவிட்டது, கையுறை கிழிந்துவிட்டது என்று ஆயிரம் இருக்கிறது. அவருக்கு வாயில் வரவில்லை. "உசுரோட ஒண்ணு வந்துச்சும்மா. கடைசி நேரம். கையுறைய நான்தான் கழட்டினேன். மடியில வச்சுக்கிட்டேன்."

"ஏம்ப்பா? அஞ்சாறு நாள்தானே பாக்கி? ஏன்?"

"தனியா சாகுதேன்னு."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டுவது மட்டும் கேட்டது.

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"ஒண்ணேகால் மணி நேரம்."

"நான் போன் பண்ணினதுலேருந்து அம்மாவுக்கும் ஒண்ணேகால் மணி நேரம்தான்பா ஆச்சு." என்றாள். "ஆய்வுக்கூடத்துலேருந்து ஆஸ்பத்திரி இருபது நிமிஷம். முடிச்சிட்டு வரேன்னு சொன்னீங்க. நான் கதவையே பாத்துட்டு இருந்தேன். ரெண்டு பேருமே பாத்துட்டு இருந்தோம்."

பதினொரு வருஷம்.

"என்ன வேலைப்பா அது? அன்னிக்கு என்ன வேலை?"

"எல்லாம் முடிஞ்சிருந்துச்சும்மா," என்றார். "தையல் போட்டுட்டு இருந்தேன். ஒரு நரிக்கு. எரிக்கப்போற உடம்புக்கு. திறந்தத மூடிட்டுப் போயிடலாம், அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமே இல்லம்மா. தப்பு. பெரிய தப்பு."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார், அது அவருக்குத் தெரிந்தது. அரித்த கையைச் சொறியக்கூடத் தோன்றவில்லை.

"அப்பா," என்றாள் கடைசியில். "நரிப்பூச்சி மூணு வாரத்துல போயிடும்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுலேருந்து நீங்க சொல்லிக் கேட்டதுதான். அறுபது நாள் அரிப்புக்காக இல்லப்பா."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

குழந்தை தட்டுவதை நிறுத்திவிட்டு எதற்கோ சிணுங்கியது.

"அவளைக் குளிப்பாட்டணும்," என்றாள் மகள். "இப்பவே வாங்கன்னு என்னால சொல்ல முடியலப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை பண்றேன்." வைக்கப்போகிறாள் என்று அவர் நினைத்தார். "அரிப்பப் பத்திக் கேக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்றார். பென்சில் நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்துமூன்று கோடு. கீழே புதிதாக ஒன்று என்று போட இடம் இருந்தது. அவர் நூலை அவிழ்த்துப் பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில், நகவெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.